பூஜ்யத்தில் நின்ற கோடு

"என் தப்புதான். போதுமா? எழுதிக்கிட்டுக் கிளம்புங்க."

ஒரு ஆளைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும் தொழில் இது. கதவைத் திறந்த கையோடு ஒப்புக்கொள்கிற ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அண்ணிக்கு அலுப்புதான் வந்தது. சுலபமாகக் கிடைக்கிற வாக்குமூலத்துக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மடங்கு அலைச்சல் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற அவளை வாடிக்கையாளரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவதற்குக் காரணம் அவளுடைய உதவியாளன். இறந்துபோன கணவனின் தம்பி. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தான். வாய் சும்மா இருக்காமல் வேலை போயிற்று. அந்த வாய் இப்போது அண்ணியிடம் வேலை பார்க்கிறது. மூச்சுக்கு மூச்சு அவன் அண்ணி அண்ணி என்று சொல்லப்போக, ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

"எழுதிக்கிறோம்மா," என்றான் கொழுந்தன். "எந்த வரியில தப்புன்னு சொன்னீங்கன்னா அதையும் சேர்த்து எழுதிக்கலாம்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மேஜையில் கம்ப்யூட்டரைக் காணோம். கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் சார்ஜர் மட்டும் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ப்ரோக்ராம் நீங்க எழுதினது. தப்பு ஏதோ ஒரு வரியிலதானே இருக்கணும்?"

"ஞாபகம் இல்ல."

"மருந்துக் கிடங்குல ஒரு அறை முழுக்க இன்சுலின் வெந்து போச்சு. அலாரம் அடிக்கல. அடிக்க வேண்டிய ப்ரோக்ராம் உங்களோடது. தப்பு என்னோடதுதான்னு மேனேஜர்கிட்டயும் சொல்லியிருக்கீங்க. அவர் அதை, நீங்க வேணும்னே செஞ்சதா புரிஞ்சுக்கிட்டாரு. இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள போலீஸ்ல புகார் குடுக்கப் போறாரு. ஜெயில்மா. ஞாபகம் இல்லைன்னு சொல்ற விஷயமா இது?"

"வேலை போகும்னு நினைச்சேன். போலீஸ்னு நினைக்கல." வாய் தவறி வந்துவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டாள். "பரவாயில்ல. யாரு உங்களை விசாரிக்கச் சொன்னாங்க?"

"உங்க மாமா."

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவள் சடாரென்று எழுந்தாள். "மாமாவா? அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க? அவரை விட்டுடுங்க. தயவுசெஞ்சு போயிடுங்க."

வாசலில் நின்ற அவள் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பிதாம்மா சொன்னான். இவ அப்பா போனப்புறம் இவளைப் படிக்க வெச்சதே அவன்தான். கல்யாணம்கூடப் பண்ணிக்கல. அந்தக் கிடங்குலதான் அவனும் டெக்னீஷியனா இருக்கான். இவளை அங்க சேர்த்துவிட்டதும் அவன்தான். எப்படியாவது காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட வந்து நின்னிருக்கான்."

அண்ணி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். தன்னைக் காப்பாற்ற வந்தவர்களைக் கண்டு ஒரு ஆள் இவ்வளவு பயப்பட்டு அவள் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் போகும்போது கொழுந்தன் தலையைத் திருப்பாமல் கத்தினான். "தப்பே இல்லைன்னு சொல்ற ப்ரோக்ராமர் நூறு பேரைப் பார்த்திருக்கேன் அண்ணி. அதுல நானும் ஒருத்தன். தப்பு இருக்கு, எங்கேன்னு தெரியாது, ஆனா என்னோடதுதான்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ரோட்டைப் பாரு."

"பொய் சொல்றதுக்கும் ஒரு பயிற்சி வேணும். அந்தப் பொண்ணுக்கு இல்ல."

"யாருக்காகப் பொய் சொல்றாங்கறதுதான் கேள்வி," என்றாள் அண்ணி. வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் வலி வேறு. இந்த வழக்கை ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது என்று வழக்கம்போல வழியில் நினைத்துக்கொண்டாள்.

கிடங்கு ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கிற சாலையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சில்லென்று குளிர் முகத்தில் அடித்தது. மேனேஜர் நல்ல உடுப்பும் சிடுசிடுத்த முகமுமாக இருந்தார். பேச்சை வளர்க்கவில்லை. நேரே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்தில் டெக்னீஷியன், அந்தப் பெண்ணின் மாமா, நீலச் சட்டையில் கைகட்டி நின்றார். நரைத்த மீசை. தூங்காத கண்.

மேனேஜர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். "இதுதான் அந்த அறையோட வெப்பநிலை. லீவு நாள், கிடங்குல யாரும் இல்ல. பாருங்க, இது வரைக்கும் நாலு, அஞ்சுன்னு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. இங்க கரண்ட் போச்சு. திரும்ப வந்துச்சு. அப்புறம் பாருங்க."

அப்புறம் கோடு நெளியவே இல்லை. பூஜ்யத்தில் விழுந்து, அங்கேயே நேராகப் படுத்துவிட்டது.

"கரண்ட் வந்தப்ப அறையைக் குளிர வைக்கற கம்ப்ரஸர் ஓடல. அறை சூடாகிக்கிட்டே இருக்கு. சூட்டை அளக்கற சென்சார் வயரும் ஷார்ட் ஆகிப் போச்சு. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்னடான்னா பூஜ்யம், பூஜ்யம்னு எழுதிட்டு இருக்கு. எட்டைத் தாண்டினாத்தான் அலாரம் அடிக்கும். பூஜ்யத்துக்கு எங்க அடிக்கும்?"

"அப்ப ப்ரோக்ராம் கோளாறுதானே சார்?" என்றாள் அண்ணி.

"அங்கதான் விஷயமே." மேனேஜர் டெக்னீஷியனைப் பார்த்துத் தலையசைத்தார். "வயரைப் புடுங்குங்க."

டெக்னீஷியன் அறைக்குள் போய் சென்சார் வயரைக் கழற்றினார். கழற்றியதுதான் தாமதம், அலாரம் காதைக் கிழித்தது. கொழுந்தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். திரையில் 'சென்சார் பதில் இல்லை' என்று சிவப்பில் மின்னியது.

"இப்படி எத்தனை தடவை வேணும்னாலும் புடுங்கிப் பாருங்க, கத்தும்," என்றார் மேனேஜர். "அந்த ஒரு நாள் மட்டும் கத்தல. ஏன்? யாரோ அன்னிக்கு மாத்தி வெச்சு, காரியம் முடிஞ்சதும் பழையபடி ஆக்கியிருக்காங்க. வீட்டுலேர்ந்தே உள்ள நுழைஞ்சு மாத்தற வசதி அவ ஒருத்திக்குத்தான் உண்டு. அதுக்கு முந்தின வாரம்தான் லீவு கேட்டு என்கிட்ட சண்டை போட்டா."

"லீவு குடுக்கலைன்னு மருந்தைக் கெடுக்கறதா இருந்தா, உலகத்துல ஒரு மாத்திரை மிஞ்சாது சார்," என்றான் கொழுந்தன்.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த இன்சுலினுக்காக எத்தனை ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருந்துது தெரியுமா? புகார் தயாரா இருக்கு. சாயங்காலம் குடுத்துடுவேன்." தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் அண்ணிக்கு எரிச்சலாக இருந்தது.

டெக்னீஷியன் மூன்று கோப்பையில் டீ கொண்டுவந்தார். தட்டில் பாதி சிந்தியிருந்தது.

"என் உயிரே அவதாம்மா," என்றார். "சின்ன வயசுலேர்ந்தே ஒரு பொய் சொல்லத் தெரியாது. இப்ப என் தப்புதான்னு எதுக்குச் சொல்றாளோ தெரியல. கேட்டா, விடுங்க மாமாங்கறா. வேலையை விட்டுத் தூக்கினாங்களே, அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்றா. எதுக்கு? அழறதுக்கா? இல்ல. மாமா, காலையில போனதும் அந்த ப்ரோக்ராமை நிறுத்திட்டு, நீங்க உங்க பேர்ல உள்ள போய் உங்க கையாலயே ஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு. கரண்ட் போய் வந்தா அது தானா எழுந்துக்கும், அதை நம்பாதீங்க, எழுப்பறது உங்க கையாத்தான் இருக்கணும், உங்க கை ராசியான கைங்கறா. அவ்வளவு பாசம் இந்தக் கிடங்கு மேல. இவளையா போலீஸ்ல குடுக்கறாங்க?"

அண்ணி டீயைக் கீழே வைத்தாள்.

"தினமும் அப்படித்தான் செய்யறீங்களா?"

"தவறாம. இன்னிக்குக்கூட வந்ததும் முதல் வேலை அதான்."

"ப்ரோக்ராம் எழுதற பொண்ணு," என்று அண்ணி கொழுந்தனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள், "கைராசி பாக்குமா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். ஏதோ ஜோக் சொல்லத்தான் திறந்தான். சொல்லாமலே மூடிக்கொண்டான்.

"அந்த லீவு நாள்ல யாரும் இங்க இல்ல," என்றாள் அண்ணி. "கரண்ட் போச்சு, வந்துச்சு. அப்ப அந்தப் பெட்டியை எழுப்பினது யாரு?"

"யாரும் இல்லம்மா. அதுவா எழுந்துக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"நான்தான் எழுப்பினேன். அந்த ப்ரோக்ராமைப் புதுசாக்கினப்ப. அதுலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கல, அன்னிக்குக் கரண்ட் போற வரைக்கும்."

"அப்ப, நீங்க எழுப்பின பெட்டிதான் இதுவரைக்கும் எல்லா சோதனையிலயும் கத்தியிருக்கு. தானா எழுந்த பெட்டியை ஒருத்தரும் சோதிக்கவே இல்ல." அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பெட்டியை அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடக்கூடாது. நீங்களும்தான். அதுவா எழுந்துக்கட்டும்."

டெக்னீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செய்தார். திரை இருண்டது, வெளுத்தது, எழுத்துகள் ஓடின. கோடு மறுபடி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே நெளியத் தொடங்கியது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இப்பப் புடுங்குங்க."

அவர் வயரைக் கழற்றினார். கொழுந்தன் முன்ஜாக்கிரதையாகக் காதைப் பொத்திக்கொண்டான்.

சத்தமே இல்லை. கோடு பூஜ்யத்தில் விழுந்து, நேராகப் படுத்துக்கொண்டது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரஸர் உறுமுவது மட்டும் கேட்டது. கழற்றிய வயரைக் கையில் பிடித்தபடி டெக்னீஷியன் அறை வாசலிலேயே நின்றார்.

"அதைத் திரும்ப மாட்டுங்க அண்ணே," என்றான் கொழுந்தன். கிண்டல் குரல் எங்கோ போயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினான். "அண்ணி, சட்டையை நாம தைக்கிறோம். பட்டனையும் நாமளேவா செய்யறோம்? கடையில வாங்கறோம். ப்ரோக்ராமும் அப்படித்தான். சென்சார்கிட்ட பேசற வேலையை வேற யாரோ எழுதி வெச்சிருப்பாங்க. அதை லைப்ரரிம்பாங்க. வாங்கிக் கோத்துக்க வேண்டியதுதான். அதுல அப்பப்ப புது வெர்ஷன் வரும். இந்தப் பெட்டி முழுக்க அந்த லைப்ரரியோட பேரைத் தேடச் சொல்லியிருக்கேன். ஒண்ணுதான் இருக்கணும்."

திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"ரெண்டு இருக்கு," என்றான். "ஒரே பேரு. ஒண்ணு பொது அலமாரியில, எல்லாருக்கும் பொது. அது பழைய வெர்ஷன். இன்னொண்ணு ஒருத்தரோட சொந்த டிராயர்ல. அது புதுசு. அந்த ஆள் தன் பேர்ல உள்ள வந்து எழுப்பினா, பெட்டி முதல்ல அவரோட டிராயரைத்தான் திறந்து பாக்கும். புதுசு கிடைச்சுடும். தானா எழுந்தா அதுக்கு யாரோட டிராயரும் தெரியாது. நேரா பொது அலமாரிக்குப் போயிடும். அங்க பழசுதான். புதுசு, சென்சார் பதில் சொல்லலைன்னா கத்தும். பழசு, பூஜ்யம்னு எழுதிட்டுச் சும்மா இருந்துடும்."

"யாரோட டிராயர்?" என்று டெக்னீஷியன் கேட்டார்.

கொழுந்தன் வாயை அடைப்பது உலகத்தில் யாராலும் முடியாது என்று அண்ணி நினைத்திருந்தாள். இப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தான். அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

"உங்களோடதுங்க."

அவர் வயரைத் திருகி மாட்டிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பாப்பாதான் போடச் சொன்னா," என்றார் கடைசியில். "பழசு ஆபத்து மாமா, புதுசு போடுங்கன்னா. போட்டேன்மா. வெற்றிகரமா போட்டாச்சுன்னு வந்துது. வெர்ஷன் நம்பர் என்ன காட்டுதுன்னு போன்ல கேட்டா. அடிச்சுப் பார்த்தேன். புது நம்பர்தான் காட்டிச்சு. அதைத்தான் சொன்னேன். நான் பொய் சொல்லலம்மா."

"உங்க பேர்ல உள்ள வந்து கேட்டா அது புது நம்பரைத்தான் காட்டும் அண்ணே," என்றான் கொழுந்தன். "போடறப்ப அதுக்கு மேல ஒரு வரி வந்திருக்குமே? பொது இடத்துல எழுத அனுமதி இல்ல, அதனால உங்களுக்கு மட்டும் போடறேன்னு?"

"ஏதேதோ வரி வரியா ஓடிச்சுப்பா. சிவப்பா இருந்தா நின்னு படிச்சிருப்பேன். எல்லாம் வெள்ளை எழுத்து. பொது இடத்துல எழுதற பாஸ்வேர்ட் பாப்பாகிட்டகூட இல்ல, தலைமை ஆபீஸ்ல இருக்கு. அவங்ககிட்ட கேட்டா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிப்பாங்க. அதுவே போட்டுக்கிச்சேன்னு சந்தோஷப்பட்டேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான்தான். அந்த அறை பூரா மருந்து, என்னாலதான்."

அண்ணி எதையும் மறுக்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக இதுவரை யாரும் அவளை மலர்ந்த முகத்தோடு பார்த்ததில்லை. ஆனால் இப்படி ஒரு வழக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. அக்கா மகளைக் காப்பாற்றுங்கள் என்று வந்து நின்ற மனிதரின் தலையிலேயே கொண்டுபோய் இறக்கியாயிற்று. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"இன்னொண்ணும் இருக்குங்க," என்றாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "கைராசின்னு அவ சொன்னது. தானா எழுந்ததை நம்பாதீங்கன்னு சொன்னது."

அவர் நிமிர்ந்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் அது விளங்கிக்கொண்டே வருவதை அண்ணி பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தி, மூன்றாம் முறை சரியாக அழுத்தினார். போன் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் சத்தமாகக் கேட்டது. கண்ணாடி போடாததால் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் அப்படி ஆகிவிட்டது.

"சொல்லுங்க மாமா. அவங்க போயிட்டாங்களா?"

"பாப்பா, அந்தப் பெட்டியில ரெண்டு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

போனில் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"மறுநாளே. வீட்டுலேர்ந்து உள்ள போய்ப் பார்த்தேன். எதுவும் செய்யறதுக்குள்ள என் கம்ப்யூட்டரை எடுத்துட்டாங்க."

"அப்புறம் ஏன்டி என் தப்புன்னு சொன்ன? இன்னிக்குச் சாயங்காலம் உன்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கும்டி."

"பின்ன உங்க தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?" அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "எனக்கு வேற வேலை கிடைக்கும் மாமா. இந்த வயசுல உங்களுக்கு யார் குடுப்பா? என் மேலயும்தான் தப்பு இருக்கு. எப்படிப் போட்டீங்கன்னு கேக்கல. நம்பரை மட்டும் கேட்டேன். உங்களைக் கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

டெக்னீஷியன் போனை அண்ணியின் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"மாமா? மாமா, இருக்கீங்களா?"

"நான்தாம்மா, அண்ணி."

"அண்ணி, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். கண்டுபிடிச்சிட்டீங்க, சரி. வெளியில சொல்லிடாதீங்க. போலீஸ்னாலும் நான் பார்த்துக்கறேன். அவரை மட்டும் விட்டுடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அண்ணி நடைவழியைப் பார்த்தாள். கொழுந்தனும் எழுந்து நின்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அந்த நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது.

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலம்மா," என்றாள் அண்ணி. "அவரே உள்ள போய்ச் சொல்லிக்கிட்டிருக்காரு."

போனில் அந்தப் பெண் ஓவென்று அழுவது கேட்டது. அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.